ஓவனில் சுட்ட முறுக்கு ஏன் கல்லாகிறது?

தீபாவளி நெருங்கும் நாட்களில் தாராவியின் தொண்ணூறு அடிச் சாலையை ஒட்டிய சந்துகளில் நடந்தால், எந்த வீட்டில் எண்ணெய் காய்கிறது என்பதை மூக்கே காட்டிக் கொடுத்துவிடும். திருநெல்வேலிச் சீமையிலிருந்து தலைமுறை தலைமுறையாக வந்து குடியேறிய தமிழர்கள் இங்கே முறுக்கும் தட்டையும் சுடுகிறார்கள். மராத்தி வீடுகளுக்குப் போகும் சக்லியும் இதே சட்டிகளில் பொரிந்துதான் கிலோ கணக்கில் நகரமெங்கும் போகிறது. மாட்டுங்காவிலும் செம்பூரிலும் தமிழர் கடைகளில் கைமுறுக்கு, தேன்குழல் என்று வகை கூடும்.

இந்த வீடுகளில் இப்போது ஒரு சிக்கல் வந்திருக்கிறது. மருத்துவர் எண்ணெயைக் குறைக்கச் சொல்கிறார். சமையலறையில் ஓவனோ ஏர் ஃப்ரையரோ இருக்கிறது. அம்மா பிசையும் அதே மாவு, அதே அச்சு, அதே 180 டிகிரி. ஆனால் வெளியே வருவதைக் கடித்தால் பல்லுக்குப் பயப்பட வேண்டியிருக்கிறது. எண்ணெயில் வெந்தபோது வாயில் போட்டதும் நொறுங்கிய முறுக்கு, எண்ணெய் இல்லாமல் வெந்ததும் ஏன் கல்லாகிறது? எண்ணெய் அங்கே அப்படி என்னதான் செய்துகொண்டிருந்தது?

சட்டிக்குள் சில நிமிடங்கள்

பிழிந்து வைத்த பச்சை முறுக்கின் எடையில் ஏறத்தாழப் பாதி தண்ணீர். காய்ந்த எண்ணெயில் அது விழுந்த நொடியில் மேல்புறத் தண்ணீர் கொதித்து ஆவியாகிறது. நாம் பார்க்கும் குமிழ்கள் எல்லாம் அந்த நீராவிதான். தண்ணீர் ஆவியாகும்போது அதன் கன அளவு 1,600 மடங்குக்கு மேல் பெருகும். மாவுக்குள் சிக்கிய துளித் தண்ணீர்கூட வெளியேற வழி தேடி மாவைத் தள்ளிக் கிழித்துச் சிறு சிறு துளைகளை உண்டாக்குகிறது. அதே நேரத்தில் அரிசியின் மாவுச்சத்து வெந்து, மேல்புறம் காய்ந்து இறுகிவிடுகிறது. துளைகள் மூடிக்கொள்வதற்குள் சுவர் கெட்டிப்பட்டுவிடுவதால் துளைகள் அப்படியே நிற்கின்றன. முறுக்கின் மொறுமொறுப்பு என்பது இந்த மெல்லிய சுவர்கள் வரிசையாக உடைவதுதான்.

உள்ளே ஈரம் இருக்கும்வரை முறுக்கின் உட்புறம் நூறு டிகிரியைத் தாண்டிப் பெரிதாக ஏறாது. வரும் வெப்பத்தையெல்லாம் தண்ணீர் ஆவியாவதற்கே வாங்கிக்கொள்ளும். ஈரம் தீர்ந்த பிறகுதான் மாவு மேலும் சூடாகிச் சிவக்கத் தொடங்கும். எண்ணெய்ச் சட்டியின் முன்னால் அமர்ந்திருக்கும் பாட்டி, "சத்தம் அடங்கட்டும்ளா, பொறவு எடு" என்று சொல்வது துல்லியமான அளவீடு. சலசலப்பு என்பது ஆவி வெளியேறும் ஓசை. அது ஓய்ந்தால் தண்ணீர் தீர்ந்துவிட்டது என்று பொருள். வெப்பமானி எதுவும் இல்லாமல் காதால் ஈரத்தை அளக்கும் இந்த அறிவை, புத்தகத்தில் இல்லை என்பதற்காகக் குறைத்து மதிக்கக் கூடாது.

எண்ணெய் எப்போது உள்ளே போகிறது?

முறுக்கு வேகும்போது எண்ணெயைக் குடிக்கிறது என்றுதான் நாம் நினைக்கிறோம். உண்மையில் வேகும்போது உள்ளிருந்து ஆவி விடாமல் பீறிட்டுக்கொண்டே இருக்கிறது. அந்த அழுத்தத்தை மீறி எண்ணெய் உள்ளே நுழைவது கடினம். இதை நீராவிக் கவசம் என்று சொல்லலாம்.

இந்தக் கவசத்தைச் சோதித்துப் பார்த்தவர்கள் சூரிச் நகரின் ஆய்வாளர்கள் உஃப்ஹைலும் எஷரும். உருளைக்கிழங்கு வறுவல் பொரியும் எண்ணெயில் சாயத்தைக் கலந்தார்கள். ஒரு முறை தொடக்கத்திலேயே, இன்னொரு முறை வறுவலை எடுக்கப்போகும் நேரத்தில். எப்போது கலந்தாலும் வறுவலுக்குள் போன சாயத்தின் அளவு பெரிதாக மாறவில்லை. 1996இல் வெளியான அந்த ஆய்வு, எண்ணெயின் பெரும்பகுதி உள்ளே போவது சட்டியிலிருந்து எடுக்கும் தருணத்தில்தான் என்று காட்டியது. காரணம் எளிது. வெளியே வந்ததும் சூடு இறங்குகிறது, துளைகளில் இருந்த ஆவி மீண்டும் தண்ணீராகிச் சுருங்குகிறது, உள்ளே வெற்றிடம் போல் ஆகிறது. மேலே ஒட்டியிருக்கும் எண்ணெயை அந்த வெற்றிடம் உறிஞ்சிக்கொள்கிறது.

பொரிப்பதை விட மனமில்லாதவர்களுக்கும் இதில் ஒரு பயன் உண்டு. முறுக்கை எடுத்ததும் சட்டிக்கு மேலேயே கரண்டியில் வைத்து, சூடு இறங்குவதற்குள் எண்ணெயை வடித்துவிட வேண்டும். குவியலாகப் போட்டு, ஆறிய பிறகு காகிதத்தில் ஒற்றுவது காலம் கடந்த வேலை. அதற்குள் எண்ணெய் உள்ளே போய்விட்டது. பெரிய தொழிற்சாலைகளில் சூடு இருக்கும்போதே சுழல் எந்திரத்தில் போட்டு எண்ணெயைப் பிரிப்பதும் இதனால்தான்.

காற்று மெதுவாகத்தான் சுடும்

ஓவனும் 180 டிகிரி, எண்ணெயும் 180 டிகிரி. ஆனால் சூடான ஓவனுக்குள் கையை ஒரு நொடி நீட்டித் தட்டைத் தொடாமல் எடுத்துவிடலாம். அதே சூட்டு எண்ணெயில் விரல் நுனி பட்டாலே வெந்துவிடும். வெப்பநிலை ஒன்றாக இருந்தாலும் வெப்பத்தைக் கடத்தும் வேகம் வேறு. கொதித்துக் குமிழிடும் எண்ணெய், அசையாத காற்றைவிடப் பத்து மடங்குக்கும் அதிகமான வேகத்தில் முறுக்குக்கு வெப்பத்தைக் கொடுக்கிறது.

இந்த வேகம் ஏன் அவ்வளவு முக்கியம்? அறைச் சூட்டில் இருக்கும் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுபோக ஆகும் வெப்பத்தைப் போல ஏழெட்டு மடங்கு வெப்பம், அதை முழுதும் ஆவியாக்கத் தேவை. எண்ணெய் அதைச் சில நிமிடங்களில் கொடுத்துவிடும். ஓவன் அரை மணி நேரம் எடுத்துக்கொள்ளும். அந்த அரை மணியில் ஆவி பீறிடுவதில்லை, கசிகிறது. துளைகள் உண்டாவதில்லை. வெந்த மாவு ரப்பர் போன்ற நெகிழ்ச்சியிலேயே வெகுநேரம் கிடந்து, தண்ணீர் போகப் போகத் தன்மேலேயே சுருங்கி அடர்ந்துவிடுகிறது. கடைசி ஈரமும் போனதும் அப்படியே இறுகி, கண்ணாடியைப் போல நெகிழ்வற்ற திடமாகிறது. அறிவியலில் இதைக் கண்ணாடி நிலை என்பார்கள்.

பொரித்த முறுக்கும் கண்ணாடி நிலையில்தான் இருக்கிறது. அது மெல்லிய கண்ணாடிச் சுவர்களால் ஆன கூடு. ஓவன் முறுக்கோ கெட்டியான கண்ணாடிக் கம்பி. கூடு நொறுங்கும், கம்பி பல்லோடு மோதும். நம் கேள்விக்கான விடையின் முதல் பாதி இது. அதே முறுக்கு மும்பையின் ஜூலை மாத ஈரக்காற்றில் திறந்து கிடந்தால், சில விழுக்காடு தண்ணீரை இழுத்துக்கொண்டு மறுபடி நெகிழ்ச்சிக்குத் திரும்பும். நமுத்துப் போவது என்கிறோமே, அதுதான்.

2010இல் சந்தைக்கு வந்த ஏர் ஃப்ரையர், பலத்த விசிறி பொருத்திய சிறிய ஓவன்தான். உணவைச் சுற்றி ஒட்டி நிற்கும் காற்றுப் படலத்தை விசிறி கலைத்துவிடுவதால் வெப்பம் விரைவாகச் சேரும். சாதாரண ஓவனைவிட மேல். எண்ணெயின் வேகத்தை அதுவும் எட்டாது.

விடையின் இரண்டாம் பாதி மணத்தில் இருக்கிறது. மாவில் உள்ள சர்க்கரையும் புரதமும் சூட்டில் இணைந்து பொன்னிறத்தையும் வறுத்த மணத்தையும் தருகின்றன. 1912இல் பிரெஞ்சு வேதியியலாளர் மையார் இதை விவரித்தார். பொன்முறுவல் வினை என்று வைத்துக்கொள்வோம். இது ஓவனிலும் நடக்கும். ஆனால் பொரித்த பண்டத்துக்கே உரிய மணம் சூடான எண்ணெய் சிறிதளவு சிதைவதால் பிறப்பது. சீரகம், பெருங்காயம் ஆகியவற்றின் வாசனையை வாயெங்கும் பரப்புவதும் எண்ணெய்தான். எண்ணெயை நீக்கினால் முறுக்கு கெட்டியாவதோடு ஊமையாகவும் ஆகிவிடுகிறது.

பக்கத்து வீட்டுச் சக்லி

இந்த இரண்டு குறைக்கும் மருந்து மும்பைத் தமிழர்களின் பக்கத்து வீட்டிலேயே இருக்கிறது. மராத்திக்காரர்கள் சக்லிக்கு பாஜணி என்ற மாவு அரைப்பார்கள். அரிசி, கடலைப் பருப்பு, உளுந்து, பாசிப்பருப்பு, தனியா, சீரகம் ஆகியவற்றைத் தனித்தனியே வறுத்துச் சேர்த்து அரைத்தது. அந்த மாவில் சூடான எண்ணெயோ வெண்ணெயோ சேர்ப்பதை மோகன் என்கிறார்கள். பிறகு கொதிக்கும் தண்ணீரில் மாவைக் கொட்டி மூடி வைத்து, ஆறியதும் பிசைவார்கள்.

ஓவனுக்காக யாரும் கண்டுபிடித்த முறை இல்லை இது. ஆனால் ஓவனில் இல்லாமல் போனதை இந்த மூன்று வேலைகளும் ஒவ்வொன்றாக ஈடு செய்கின்றன. வறுத்த தானியத்தில் பொன்முறுவல் வினை முன்பே பாதி முடிந்துவிட்டது. எனவே ஓவன் தராத மணத்தை மாவு தன்னோடு கொண்டுவருகிறது. மாவுத் துகள்களைச் சுற்றிக் கொழுப்பு படிவதால் அவை ஒன்றோடொன்று முழுதாக ஒட்டிக்கொள்ள முடியாது. கெட்டியாகும்போதும் உடைவதற்கான பலவீனமான கோடுகள் உள்ளே இருக்கும். கொதிநீரில் மாவுச்சத்தில் ஒரு பகுதி முன்பே வெந்து, ஆவியைக் கொஞ்சமாவது பிடித்து உப்பும் படலமாக மாறுகிறது. இடியாப்பத்துக்குக் கொதிநீர் ஊற்றிப் பிசையும் நம் வீடுகளுக்கு இந்தக் கைப்பக்குவம் புதிதில்லை. முறுக்குக்கு அதைக் கொண்டுவர வேண்டும், அவ்வளவுதான்.

இருபது முறுக்கு, ஒரு கணக்கு

இனி ஓவனைச் சூடாக்கலாம். அரிசி மாவு 100 கிராம், வறுத்து அரைத்த உளுந்து மாவு 15 கிராம், பொட்டுக்கடலை மாவு 10 கிராம். அரிசி மாவை வெறும் வாணலியில் மணம் வரும்வரை வறுத்துக்கொள்ளுங்கள். பொட்டுக்கடலை, அரிசியின் பிடியைத் தளர்த்தி உதிரும் தன்மை தரும். உப்பு, சீரகம், பெருங்காயம். வெண்ணெய் 15 கிராமை உருக்கி மாவில் ஊற்றி, விரல் நுனியால் புட்டு மாவு போல உதிரும்வரை பிசறுங்கள். கொதிக்கும் தண்ணீர் ஏறத்தாழ 100 மில்லி. ஒரு சிட்டிகை சமையல் சோடா சேர்க்கலாம். பொரிப்பதற்கு சோடா போட்டால் எண்ணெய் குடிக்கும் என்று பயப்படுவோம். ஓவனில் குடிக்க எண்ணெயே இல்லை, துளைகள் மட்டும் லாபம்.

அச்சில் சிறிய துளை வில்லையைப் போடுங்கள். இழை மெலிந்தால் ஈரம் சீக்கிரம் வெளியேறும். அதனால் கனமான கைமுறுக்கை ஓவனில் சுட நினைக்க வேண்டாம். ஓமப்பொடி அளவு இழை, ரிப்பன் பக்கோடா, மெல்லத் தட்டிய தட்டை ஆகியவைதான் ஓவனுக்கு ஏற்றவை. பிழிந்தவற்றின் மேல் பத்து கிராம் எண்ணெயைத் தூரிகையால் தடவுங்கள். ஓவன் தட்டை முன்பே சூடாக்கி வைத்து, 180 டிகிரியில் பத்து நிமிடம், பிறகு 150இல் கால் மணி நேரம். இளம் பொன்னிறத்தில் ஓவனை அணைத்து, கதவைச் சற்றே திறந்து உள்ளேயே ஆற விடுங்கள். கடைசி ஈரம் அப்போதுதான் போகும். கருஞ்சிவப்புக்குக் காத்திருக்க வேண்டாம். மாவுப் பண்டங்கள் 120 டிகிரிக்கு மேல் சிவக்கும்போது அக்ரிலமைடு என்ற விரும்பத்தகாத பொருள் உண்டாவதை 2002இல் சுவீடன் ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். அது எண்ணெயில் உண்டாவது போலவே ஓவனிலும் உண்டாகும்.

இப்போது கணக்குக்கு வருவோம். இந்த மாவை இருபது முறுக்காகப் பிழிந்து எண்ணெயில் பொரித்தால், மொத்த எடை ஏறத்தாழ 170 கிராம் வரும். முறுக்கில் பத்தில் மூன்று பங்கு கொழுப்பு என்று எடுத்துக்கொண்டால் அதில் 50 கிராம் கொழுப்பு. ஓவனில் சுட்டால் மொத்தம் 140 கிராம், அதில் வெண்ணெயும் தடவிய எண்ணெயும் சேர்ந்து ஏறத்தாழ 21 கிராம் கொழுப்பு. ஒரு கிராம் கொழுப்புக்கு 9 கிலோ கலோரி, மாவுக்கு ஏறத்தாழ மூன்றரை. பொரித்தது மொத்தம் 890 கிலோ கலோரி, ஓவனில் சுட்டது 630.

நூறு கிராமுக்கு என்று கணக்கிட்டால் பொரித்தது 523, சுட்டது 450. ஏழில் ஒரு பங்குதான் குறைந்திருக்கிறது. கொழுப்பு பாதியாகியும் கலோரி ஏன் அவ்வளவு இறங்கவில்லை? எண்ணெய் விட்டுப்போன இடத்தை மாவு நிரப்பிவிட்டது. ஒரு முறுக்குக்கு என்று கணக்கிட்டால் படம் மாறும். பொரித்த முறுக்கு ஒன்றுக்கு 44 கிலோ கலோரி, சுட்டது 31. கிட்டத்தட்ட முப்பது விழுக்காடு குறைவு. கொழுப்பு இரண்டரை கிராமிலிருந்து ஒரு கிராமுக்கு வந்துவிட்டது.

நாம் தின்பது எண்ணிக்கையிலா, எடையிலா என்பதைப் பொறுத்தே லாபம். இரண்டு பொரித்த முறுக்கு தின்பவர், ஓவன் முறுக்குதானே என்று மூன்று எடுத்தால் கலோரி லாபம் முழுவதும் போய்விடும். கொழுப்பு லாபம் மட்டும் மிஞ்சும். அதுவும் சிறிய லாபமில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டியில், 2,000 கிலோ கலோரி உண்பவருக்கு ஒரு நாள் முழுவதற்கும் சொல்லியிருக்கும் எண்ணெய், கொழுப்பு அளவு 27 கிராம். நான்கு பொரித்த முறுக்கிலேயே பத்து கிராம் தீர்ந்துவிடும். சுட்ட முறுக்கு நான்கில் நாலேகால் கிராம்தான்.

ஓவனில் சுட்டது என்றாலே போதுமா?

மும்பையில் டீயோடு தின்னும் காரி பிஸ்கட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு சொட்டு எண்ணெயில்கூடப் பொரிக்காத பண்டம் அது, முழுக்க முழுக்க பேக்கரி ஓவனில் சுட்டது. ஆனாலும் அதன் அடுக்குகள் பிரிவதே மாவுக்கு நடுவே மடித்து மடித்துத் தேய்த்த கெட்டிக் கொழுப்பால்தான். ஓவன் பண்டத்துக்கு உதிரும் தன்மை வேண்டுமென்றால் கொழுப்பை மாவுக்குள்ளேயே வைக்க வேண்டும். அதற்குத் திரவ எண்ணெயைவிடக் கெட்டிக் கொழுப்பு வசதி. 1930களில் மும்பையின் சிவ்ரியில் உற்பத்தியாகி நாடெங்கும் பரவிய வனஸ்பதிக்கு பேக்கரிகளில் இன்றுவரை இடம் இருப்பதற்கு இது ஒரு காரணம். உணவு எண்ணெயிலும் வனஸ்பதியிலும் டிரான்ஸ் கொழுப்பு இரண்டு விழுக்காட்டுக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2022 ஜனவரியில் வந்துவிட்டது. ஆனால் நிறை கொழுப்பு அப்படியே இருக்கிறது. கடையில் வாங்கும்போது முகப்பில் உள்ள படத்தை விட்டுவிட்டு, பாக்கெட்டின் பின்புறத்தில் நூறு கிராமுக்கு எவ்வளவு கொழுப்பு, எவ்வளவு நிறை கொழுப்பு, எவ்வளவு சோடியம் என்று பாருங்கள். எண்ணெய் குறைந்த பண்டத்தின் சப்பென்ற சுவையை மறைக்க உப்பைக் கூட்டுவது எளிய வழி.

சட்டிக்கு முன்னால் இருப்பவர்

முறுக்கைத் தின்பவரைப் பற்றியே இதுவரை பேசினோம். சுடுபவரின் உடல்நலம் அதைவிடப் பெரிய விஷயம் என்று நான் நினைக்கிறேன். காற்றோட்டமில்லாத சிறிய அறையில் நாள் முழுதும் காயும் எண்ணெயின் முன் அமர்பவர், அதன் புகையைச் சுவாசித்துக்கொண்டே இருக்கிறார். அதிகச் சூட்டில் பொரிக்கும்போது எழும் புகையை உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, மனிதருக்கு அநேகமாகப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்ற பட்டியலில் வைத்திருக்கிறது. திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணெயில் சிதைந்த பொருட்கள் 25 விழுக்காட்டைத் தாண்டினால் அதைப் பயன்படுத்தக் கூடாது என்ற விதி 2018 ஜூலை முதல் நடப்பில் உள்ளது. எண்ணெயின் விலையை நினைத்தால், கையில் மூலதனம் இல்லாத ஒரு குடும்பத்துக்கு அந்த எண்ணெயைக் கொட்டுவது எவ்வளவு கடினம் என்பது புரியும். ஓவனில் இந்த இரண்டு தொல்லையும் இல்லை.

ஆனால் தனியாக ஓவன் வாங்க எல்லோராலும் முடியாது. தாராவியில் பேக்கரிகள் இருக்கின்றன. செங்கல் ஓவனில் பாவ் சுட்டு முடித்த பிறகும் அதன் சூடு மணிக்கணக்கில் மெல்ல இறங்கிக்கொண்டிருக்கும். இறங்கும் அந்தச் சூடுதான் தட்டைக்கும் ரிப்பனுக்கும் வேண்டியது. விறகையும் கரியையும் விட்டு எரிவாயுவுக்கோ மின்சாரத்துக்கோ மாறும்படி 2025 ஜனவரியில் மும்பை உயர் நீதிமன்றம் பேக்கரிகளுக்கு உத்தரவிட்டது. ஓவன்களை மாற்றிக் கட்டும் இந்தக் காலமே, அவற்றில் முறுக்குக்காரர்களுக்கும் நேரம் ஒதுக்குவதைப் பற்றிப் பேச ஏற்ற காலம்.

1933இல் தொடங்கிய மாட்டுங்காவின் வேதியியல் தொழில்நுட்பக் கழகத்தில் உணவுப் பொறியியலுக்கும் எண்ணெய்த் தொழில்நுட்பத்துக்கும் தனித்தனித் துறைகள் உண்டு. அங்கிருந்து தாராவிக்குப் பக்கத்துத் தூரம்தான். அந்தத் துறைகளின் மாணவர்கள் ஒரு பருவம் முறுக்குச் சந்துகளில் அமர்ந்து, மாவின் பக்குவத்தையும் ஓவனின் சூட்டையும் அங்கே முறுக்கு சுடும் பெண்களோடு சேர்ந்து அளந்து ஒரு செய்முறையை உருவாக்கித் தர வேண்டும். கைமுறுக்கு எண்ணெய்ச் சட்டியிலேயே இருக்கட்டும், பண்டிகைக்கு மட்டும், புது எண்ணெயில். அன்றாடம் கிலோ கணக்கில் விற்கும் தட்டையையும் ரிப்பனையும் ஓவனுக்கு மாற்றலாம்.